மணிக்கும் ஒரு பந்தி

கருங்கல் சந்தையில் சாளை மலிவாக வந்தால் எங்கள் வீட்டில் முதலில் மோப்பம் பிடிப்பது மணிதான். அதில் தப்பில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவன் பண்ணின கூத்துதான் பெரும் தொல்லை. மரச்சீனியும் மீன்கறியுமாக நாங்கள் உட்கார்ந்ததும் முழங்காலில் தாடையை வைத்து ஒரு பார்வை. கவனிக்காவிட்டால் முன்னங்காலால் ஒரு பிறாண்டல். அதற்கும் அசையாவிட்டால் குரைப்பு.

"பாத்துட்டு நிக்குத சீவனுக்குக் குடுக்காம தின்னா கொதி விழும், மக்களே" என்பார் மாமா. அவர் தட்டிலிருந்து ஒரு துண்டு கீழே போகும். அத்தை காலமான பிறகு அவருக்குப் பேச்சுத்துணை மணிதான். நான் என்ன சொல்ல?

போன வருஷம் ஒரு மத்தியானம், கொழுந்தனாரின் மூணு வயசு மகள் பொரித்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மணி பிடுங்கினான். கடிக்க நினைக்கவில்லைதான், ஆனாலும் விரலில் பல் பட்டுத் தோல் சிராய்ந்துவிட்டது. சோப்புப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கால் மணி நேரம் கழுவினேன். பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள்பொடியோடு ஓடி வந்தார். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்கக்கூடாது சகோதரிகளே! மணிக்குத் தடுப்பூசி போட்டிருந்தும், பிள்ளைக்குப் போட்டே ஆகணும் என்றார் டாக்டர். அன்றைக்கு ஒரு தடவை, பிறகு 3, 7, 28-ம் நாள்கள், எல்லாம் கையில்தான். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் போடுவார்களாம். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று நம் அம்மாமார் மிரட்டினார்களே, அந்தப் பழைய மருந்து இப்போது நம் நாட்டில் இல்லை.

"நாளைக்கே எங்கயாவது கொண்டு விட்டிருவேன்" என்றார் என் வீட்டுக்காரர். மாமா ஒன்றும் பேசவில்லை. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். நான் ஒரு மாசம் தவணை கேட்டேன்.

நாயைத் திருத்துவது லேசு. அடுக்களை வாசலுக்கு வெளியே ஒரு சாக்கை விரித்து, சாப்பாடு இல்லாத நேரங்களில் "போய் இரு" என்று பழக்கினேன். போய் உட்கார்ந்தால் ஒரு துளி அவித்த முட்டை. நாங்கள் பந்தியில் உட்காருவதற்கு முன்பே அவன் சட்டியில் சோறு விழுந்துவிடும். முதல் வாரம் சாக்குப் பக்கத்திலேயே கட்டினேன். குரைத்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கக்கூடாது, அதட்டவும் கூடாது. அதட்டுவதும் அவனுக்கு ஒரு கவனிப்புதானே!

மூன்றாம் நாள் குரைப்பு இரட்டிப்பானது. பலரும் இங்கேதான் தோற்றுப்போவார்கள். பழக்கம் விடப்போகும் சமயத்தில்தான் பிடிவாதம் கூடும். அன்றைக்குப் பாவம் பார்த்து ஒரு துண்டு போட்டால், "இன்னும் கொஞ்சம் கத்தணும் போல" என்றுதான் நாய் படிக்கும். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் கண்டதும் இதுதான் என்று மகன் தன் பாடப்புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டினான். எப்போதும் கிடைக்கும் தீனியைவிட, எப்போதாவது கிடைக்கும் தீனிக்காகப் பழகிய பழக்கம்தான் லேசில் போகாதாம்.

எங்கள் வீட்டில் அந்த "எப்போதாவது" மாமாதான். பத்து நாள் ஒழுங்காகப் போன பிறகு, மேசைக்கடியில் அவர் கை நீண்டதைப் பார்த்துவிட்டேன். மறுநாள் பழைய குரைப்பு, பழைய பிறாண்டல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ராத்திரி திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "மாமா, வெந்த எலும்பு உடைஞ்சு குடலைக் கிழிச்சிரும். உள்ளி போட்ட கறி நாய்க்கு ரத்தத்தைக் கெடுக்கும். முந்திரிப்பழம், சாக்லேட் ரெண்டும் விஷம். நீங்க ஆசையாக் குடுக்கது அவனுக்கு ஆகாது. இனி மணிக்குச் சோறு போடது உங்க பொறுப்பு. நான் உப்பு, காரம் இல்லாம தனியா எடுத்து வைக்கேன்."

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, "அவனுக்கு எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

இப்போது பன்னிரண்டரைக்கு மாமா முள் நீக்கின சாளையும் சோறும் பிசைந்து சட்டியில் வைக்கிறார். நாங்கள் சாப்பிட்டு முடித்ததும், சாக்கில் அசையாமல் கிடந்ததற்காக ஒரு துண்டு முட்டை, அதுவும் அவர் கையால். கொழுந்தனார் மகள் வந்தால் மணியைக் கட்டிவிடுகிறோம். அதில் மட்டும் நான் யாரையும் நம்புவதில்லை, மணியையும் சேர்த்து.