முளையும் வயலும்

தோற்றுக்கொண்டே இருக்கிற ஒரு கூடைப்பந்து அணியில் இருபது வயதுப் பையன்கள் நாலைந்து பேர் ஆடுகிறார்கள். அவர்கள் நட்சத்திரங்களாக வருவார்களா? அமெரிக்க என்.பி.ஏ. பந்தயங்களைப் பார்க்கிறவர்களிடம் கேட்டால் இரண்டு பதில்கள்தாம் வரும். "விளையும் பயிர் முளையிலே தெரியும், இவனுங்ககிட்ட ஒண்ணும் தெரியலை" என்பது ஒன்று. "இன்னும் இரண்டு வருஷம் தோற்கட்டும், நல்ல பையன் ஒருத்தன் கிடைப்பான்" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பது என் கட்சி.

இந்த வயதில் உனக்கு ஏன் அமெரிக்கக் கூடைப்பந்து என்று கேட்பீர்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் நாங்கள். இந்த ஆட்டத்தைப் 'பாஸ்கெத்' என்றே சொல்லிப் பழகியவர்கள். 2023இல் விக்தோர் வெம்பன்யாமா என்ற ஏழடி நாலங்குலப் பிரெஞ்சுப் பையன் சான் அன்டோனியோ அணிக்குப் போனதிலிருந்து விடியற்காலைக் காபியோடு இதைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பார்க்கப் பார்க்கத்தான் அங்கே நடக்கிற ஒரு அநியாயம் புரிந்தது.

அங்கே ஒரு விதி உண்டு. வருடா வருடம் புதிய இளைஞர்களை அணிகள் வரிசை முறையில் எடுத்துக்கொள்ளும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். மோசமாகத் தோற்ற அணிக்கு முதலில் எடுக்கும் வாய்ப்பு அதிகம். நலிந்தவனைத் தூக்கிவிட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். ஆனால் வகுப்பில் கடைசியாக வருகிறவனுக்கு முதல் பரிசு என்றால் என்ன ஆகும்? கடைசியாக வருவதற்கே போட்டி போடுவார்கள். அதுதான் நடந்தது. கடைசி அணிக்கு முதல் இடம் கிடைக்க 25 சதவீத வாய்ப்பு இருந்ததைக் குறைத்து, 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம் என்று மாற்றினார்கள். அப்படியும் ஆசை விடவில்லை.

இந்தச் சித்தாந்தத்தின் கோயில் பிலடெல்பியா. 2013இல் பொது மேலாளராக வந்த சாம் ஹிங்கி, இருந்த நல்ல ஆட்டக்காரர்களை விற்றுவிட்டு, வருங்காலத்துக்கான டிராஃப்ட் இடங்களைச் சேர்த்தார். மூன்று பருவங்களில் 246 ஆட்டங்கள். ஜெயித்தது 47. கடைசிப் பருவத்தில் 82இல் பத்தே பத்து. அந்தப் பையன்களின் கதி என்ன? மைக்கேல் கார்ட்டர் வில்லியம்ஸ் முதல் வருடத்திலேயே சிறந்த புதுமுகம் என்ற விருது வாங்கினார். அடுத்த வருடமே அவரையும் விற்றார்கள். நெர்லன்ஸ் நோயல், ஜலீல் ஓக்கஃபோர் இருவரும் பெரிய நம்பிக்கையோடு வந்தார்கள். சில வருடங்களில் வெளியே போனார்கள். பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுபவசாலி யாருமே இல்லை என்ற கூச்சல் எழுந்த பிறகு, 2016 ஜனவரியில் 36 வயது எல்டன் பிராண்டை அழைத்து வந்தார்கள். வீடு பற்றி எரிந்த பிறகு கிணறு வெட்டிய கதை.

"ஜோயல் எம்பீட் கிடைத்தாரே!" என்பார்கள். கிடைத்தார். மகா ஆட்டக்காரர், 2023இல் லீக்கின் தலைசிறந்த வீரர் விருதும் பெற்றார். ஆனால் 2018 முதல் 2023 வரை அந்த அணி ஐந்து முறை இரண்டாம் சுற்றிலேயே நின்றுவிட்டது. இன்னொன்றையும் சொல்கிறேன். எம்பீட் மூன்றாவதாக எடுக்கப்பட்ட அதே 2014 டிராஃப்டில் 41ஆவதாக ஒரு செர்பியப் பையனை டென்வர் எடுத்தது. பெயர் நிகோலா யோகிச். தலைசிறந்த வீரர் விருது அவருக்கு மூன்று முறை, கோப்பை ஒரு முறை. முளையில் தெரியும் என்று சொன்ன நிபுணர்கள் நாற்பது பேருக்குப் பின்னால் வைத்த முளை அது!

இப்போது டெட்ராய்ட்டுக்கு வாருங்கள். 2023-24 பருவத்தில் அந்த அணி தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்றது. மொத்தம் ஜெயித்தது 14. முதல் இடத்தில் எடுக்கப்பட்ட கேட் கன்னிங்ஹாம் அங்கேதான் இருந்தார். பக்கத்திலேயே ஜேலன் டியூரன், ஜேடன் ஐவி, அசார் தாம்சன் என்று நல்ல பையன்களுக்குப் பஞ்சமில்லை. "இதுகள் தேறாது" என்று எழுதாதவர் இல்லை. அடுத்த பருவத்தில் என்ன செய்தார்கள்? பையன்களை மாற்றவில்லை. பயிற்சியாளரை மாற்றினார்கள், முப்பது தாண்டிய டோபயாஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே ஜூனியர் போன்றவர்களைக் கூட்டி வந்தார்கள். 14 வெற்றி 44 ஆனது. கன்னிங்ஹாம் ஆல்ஸ்டார் ஆட்டத்தில் நின்றார். முந்தின வருடம் தேறாத பையன்கள் திடீரென்று எப்படித் தேறினார்கள்? பயிர் அதேதான். தண்ணீரும் எருவும் வேறு.

எதிர்க்கட்சிக்காரர்களின் பெரிய ஆயுதம் ஓக்லஹோமா சிட்டி. "2021இல் 22 வெற்றி, 2022இல் 24 வெற்றி. தோற்றுத் தோற்றுத்தானே 2025இல் கோப்பை வாங்கினார்கள்?" நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். தோற்றதன் பலனாகச் செட் ஹோம்க்ரன் இரண்டாம் இடத்தில் கிடைத்தது உண்மை. ஆனால் அந்தக் கோப்பையைத் தூக்கிய ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர் தோற்று வாங்கிய பையனல்லர். 2018இல் பதினோராவதாக எடுக்கப்பட்டவர். மறு வருடம் வேறு அணியிலிருந்து பேரம் பேசிக் கொண்டுவரப்பட்டவர். வந்த முதல் பருவத்தில் அவர் பக்கத்தில் நின்றது கிறிஸ் பால் என்ற 34 வயது முதிர்ந்த ஆட்டக்காரர். அந்தப் பருவத்தில் 44 வெற்றி, 28 தோல்வி. ஜெயிக்கிற அணி எப்படி மூச்சு விடும் என்று பார்த்த பிறகுதான் அந்தப் பையன் தோல்விக் காலத்தைத் தாண்டினான். லூ டார்ட்டை டிராஃப்டில் எவருமே எடுக்கவில்லை. ஜேலன் வில்லியம்ஸ் பன்னிரண்டாவது. இதையெல்லாம் மறைத்துவிட்டு "தோல்வியே வெற்றிக்கு வழி" என்பது பாதிக் கோப்பைப் படித்துவிட்டு உத்தரவு போடுகிற வேலை.

சான் அன்டோனியோ இதைப் பழங்காலத்திலிருந்தே அறிந்த வீடு. டோனி பார்க்கர் என்ற பிரெஞ்சுப் பையன் 2001இல் அங்கே போனபோது வயது 19, எடுக்கப்பட்டது 28ஆவதாக. பக்கத்தில் டிம் டங்கன் இருந்தார், தலைக்குமேல் பயிற்சியாளர் பாப்போவிச் இருந்தார். பார்க்கர் நான்கு கோப்பைகள் வாங்கினார். வெம்பன்யாமாவுக்கோ முதல் பருவத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் பையன்கள், 22 வெற்றிதான். அடுத்த பருவத்தில் 39 வயதில் வந்தார் அதே கிறிஸ் பால். 82 ஆட்டங்களிலும் ஆடினார். வெம்பன்யாமா பிப்ரவரியிலேயே தோளில் இரத்தக்கட்டி வந்து உட்கார நேர்ந்தும் அணி 34 ஆட்டங்களில் ஜெயித்தது. புதிதாக வந்த ஸ்டீஃபன் கேசில் சிறந்த புதுமுகம் ஆனார்.

பிரெஞ்சில் நட்சத்திர ஆட்டக்காரரை 'வெதெத்' என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள், படைக்கு முன்னே போய் நிற்கும் காவற்காரன். பின்னால் ஒரு படை இருந்தால்தான் அவன் காவற்காரன். இல்லாவிட்டால் காட்டில் தனியாக விடப்பட்டவன்.

இதில் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்றால், இந்தப் புத்தி விளையாட்டோடு நிற்பதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கோப்பில் குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஒரு ஹெட்கிளார்க். பிற்காலத்தில் ஓர் அலுவலகத்தில், பெரியவர்கள் ஓய்வு பெற்ற இடங்களை நிரப்பாமல், புதுப் பையன்களை மட்டும் ஒரு பிரிவில் உட்கார வைத்ததைப் பார்த்தேன். ஆறு மாதத்தில் கோப்புகள் குழம்பின. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று பழி அவர்கள் தலையில் விழுந்தது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் தெரிவதற்கு? அந்தப் பழியை வாய் கூசாமல் சொன்னவர்களில் நம் வயதுக்காரர்களும் உண்டு.

ஆகவே, தோற்கிற அணியின் இளம் ஆட்டக்காரனைப் பார்த்து, இவன் தேறுவானா என்று சோதிடம் சொல்வதை விடுங்கள். அவன் பக்கத்தில் யார் நிற்கிறார், அவனுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார், அவனை ஜெயிப்பதற்காக இறக்கினார்களா தோற்பதற்காக இறக்கினார்களா என்று பாருங்கள். மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் 41ஆவது பையனும் நட்சத்திரமாவான். இல்லாவிட்டால் மூன்றாவது பையனும் மூட்டை கட்டுவான். பத்தொன்பது வயதுப் பிள்ளையை லாட்டரிச் சீட்டாக நினைத்து வாங்குகிறவர்களுக்கு, சீட்டு விழாதபோது அதைக் கிழித்துப்போடத்தான் தெரியும்.