பத்து வெள்ளி கொடுத்தவர் பெயரும் பலகையில் வேணும்



கியா பார்மில் திருப்பணிப் பேச்சு வந்தாலே, கூடவே உபயதாரர் பலகைப் பேச்சும் வந்துடும். கல்லில் வெட்டணுமா, தகட்டில் போடணுமா, இப்போ எல்லாரும் சொல்ற லேசர் மெஷினில் செய்யலாமான்னு பலரும் கேட்கிறீங்க. தொண்டு செய்யிறவங்க என்ற முறையில் எங்க கருத்தைச் சொல்லிடுறோம். லேசரில் தாராளமா செய்யலாம். ஆனா அப்படிச் செய்தா, கொடுத்த எல்லார் பெயரும் அதில் வரணும்.

உளி பிடிச்சு வெட்டின காலத்தில் எழுத்துக்கு இவ்வளவுன்னு கூலி. ஒவ்வொரு பெயரும் செலவு. அதனால பெரிய தொகை கொடுத்தவர் பெயர் மட்டும் கல்லில் ஏறிச்சு. மற்றவங்க எல்லாம் "மற்றும் பக்தகோடிகள்" என்ற ஒரே வரியில் முடிஞ்சாங்க. கொழுந்து பறிச்சு, சம்பளத்தில் பத்து வெள்ளியை மடிச்சு உண்டியலுக்கு எடுத்து வெச்ச பாட்டிமார் அந்த வரிக்குள்ளேதான் இருக்காங்க. நம்ம தோட்டத்துக் கோயில்களைக் கட்டியது பெரும்பாலும் அவங்க காசும் அவங்க உடம்பும்தான்.

லேசர் மெஷினில் கணக்கே வேற. தகட்டோட அளவுக்கும், மெஷின் ஓடுற நேரத்துக்கும்தான் முக்கியமா காசு. இன்னும் இருபது பெயர் சேர்த்தா அது சில நிமிஷ வேலை. செலவைக் காரணம் காட்டி இனி யாரையும் விட முடியாது.

தஞ்சைப் பெரிய கோயிலை நினைச்சுப் பாருங்க. 1010இல் கட்டி முடிச்ச கோயில். ராஜராஜன் தான் கொடுத்ததையும், தமக்கை குந்தவையும் தேவியரும் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான். கோயில் பணிக்கு வந்த 400 ஆடல் பெண்களின் பெயர், எந்தத் தெருவில் எந்த வீடு என்பது வரை அங்கே இருக்கு. விளக்கு நெய்க்காக ஆடு வாங்கிக்கிட்ட இடையர்களின் பெயரும் இருக்கு. ஒவ்வொரு எழுத்தையும் உளியால் வெட்டிய காலத்திலேயே அதைச் செய்தாங்க. நமக்கு என்ன தடை?

"மெஷினில் வெட்டினா தெய்வீகம் இருக்குமா?" என்று பெரியவங்க சிலர் கேட்கிறாங்க. நியாயமான கேள்வி. விக்கிரகம், கருவறை, கவசம் இதெல்லாம் ஸ்தபதி கையால்தான் நடக்கணும், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பெயர்ப் பலகை வழிபாட்டுப் பொருள் இல்லை, பதிவு. இன்னொன்றும் சொல்லணும். கரியமில வாயு லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய குமார் படேல், மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்தவர்.

இனி பொருளைப் பற்றி. அந்த வாயு லேசர் மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும் நல்லது. வெறும் உலோகம் அந்த ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிடும், அதனால எவர்சில்வர், பித்தளைக்கு ஃபைபர் லேசர் வேணும். பிவிசி பலகையை லேசருக்குக் கொண்டு போகவே கூடாது. எரியும்போது வர்ற வாயு நெஞ்சுக்கும் கேடு, மெஷினுக்கும் கேடு. கிரானைட்டில் லேசர் பட்டால் மெருகு மட்டும் உடைஞ்சு வெளுக்கும், ஆழம் ரொம்பக் குறைவு. அடிக்கல் போன்ற நூறு வருஷப் பொருளுக்கு இன்னமும் உளிதான் சரி. நம்ம மலையில் மூடுபனியும் ஈரமும் ஓயாது. பலகை மரம் ஊறும், இரும்பு துருப்பிடிக்கும், பித்தளை கறுக்கும். எங்க யோசனை, எவர்சில்வர் தகட்டில் மேலாக இல்லாம ஆழமாகப் பொறிக்கிறது.

எழுத்தை வெட்டி ஒட்டுற பலகை வேண்டாம். தமிழில் புள்ளி தனித் துண்டு. பசை விட்டா முதலில் விழுறது அதுதான். "கண்ணன்" சில வருஷத்தில் "கணணன" ஆயிடுவார். பொறிச்ச எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு ஆபத்து, மெஷினோட கணினியில் தமிழ் சரியா வராட்டி "கெ"யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால போய் நிற்கும். எழுத்துகளைக் கோட்டு வடிவமா மாற்றித்தான் கடைக்கு அனுப்பணும். தகட்டில் ஏறும் முன் அதே அளவில் தாளில் அச்செடுத்து, தமிழ் நல்லா வாசிக்கத் தெரிஞ்ச இரண்டு பேர் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படிக்கணும். தகட்டில் விழுந்த பிழையை அழிக்க முடியாது.

அடையாள அட்டையில் இருக்கிற ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழாக்கினா "வள்ளி" "வல்லி" ஆகும், "கண்ணம்மா" "கன்னம்மா" ஆகும். அதனால பெயரைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்க. எழுத வராத பாட்டி தாத்தாவுக்குப் பேரப்பிள்ளைங்க எழுதிக் கொடுங்க.

"பேருக்காகவா கொடுத்தோம்?" என்று சிலர் சொல்வாங்க. நல்ல மனசு. அப்படின்னா பெரிய பெயர்களையும் சேர்த்து எடுத்துடலாம், எங்களுக்குச் சம்மதம். யார் பெயரும் வேண்டாம், இல்லாட்டி எல்லார் பெயரும் வேணும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமும் இல்லாம அகர வரிசையில் வரட்டும். சந்நிதியில் எல்லாருக்கும் ஒரே விபூதிதானே.

இதில் உங்க கருத்து என்னவோ கீழே எழுதுங்க. ஆலய நிர்வாகத்திடம் பேசும்போது அதையும் கொண்டு போறோம்.

ஓம் சரவணபவ.

அன்புடன்,
ஆலயத் தொண்டர்கள், கியா பார்ம்