எல்லையில் மாறும் நாணயம்

கடல் கடந்து சென்று திரும்புகிறவன் இரண்டு பொருள்களைக் கொண்டு வராமல் இருப்பதில்லை. ஒன்று, விமான நிலையத்தில் வாங்கிய சாக்லெட் பெட்டி. மற்றொன்று, “அங்கெல்லாம் எப்படித் தெரியுமா?” என்று தொடங்கும் பேச்சு. சாக்லெட் ஒரே நாளில் தீர்ந்துவிடும், பேச்சு தீராது. ஜெர்மனியில் ஆக்கன் நகரில் இரண்டு செமஸ்டர் படித்துவிட்டு வந்த நானும் இக்குற்றத்திற்கு விலக்கல்லன். ஆயினும் இன்று நான் எழுத வந்தது அந்நாட்டின் பெருமையை அன்று, என்னுடைய சிறுமையை.

அங்கே 145 யூரோ கொடுத்து நான் ஒரு பொருள் வாங்கினேன். அதைக் கையில் எடுத்துக் காட்ட முடியாது. அலமாரியில் வைத்து அழகு பார்க்கவும் முடியாது. எழுத்தும் எண்ணும் கலந்த இருபத்தைந்து குறிகள், அவ்வளவே. விண்டோஸ் இயங்குதளத்தின் உரிமம் அது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். “விண்டோஸைப் போய்க் காசு கொடுத்தா வாங்கினாய்?” என்று விடுதியில் என்னைக் கேட்டுச் சிரித்தவர் பலர். இரண்டாண்டுகளுக்கு முன்பு நானும் சிரித்திருப்பேன்.

கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அப்பா எனக்கு மடிக்கணினி வாங்கித் தந்தார். “டாஸ் லேப்டாப்” என்று கடையில் சொல்வார்களே, அந்த வகை. விண்டோஸ் இல்லாமல் வருவதால் விலை சில ஆயிரம் ரூபாய் குறைவு. பில் போட்டு முடித்ததும் கடைப் பையன் ஒரு பென் டிரைவைச் செருகி, அரைமணி நேரத்தில் விண்டோஸைப் போட்டுக் கொடுத்து, முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டான். “எல்லாம் ஒரிஜினல்தானே தம்பி?” என்று கேட்டார் அப்பா. “ஒரிஜினல்தான் சார்” என்றான் அவன். அப்பா அறியாமல் கேட்டார். நானோ அறிந்தே வாய்மூடி நின்றேன்.

அந்தப் பென் டிரைவில் இருந்த மாயம் என்ன? பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாக உரிமம் விற்கும்போது, பல கணினிகளுக்குச் செல்லும் ஒரே சாவியைக் கொடுப்பது ஒரு முறை. நிறுவனத்துக்குள்ளேயே ஒரு கணினியைக் காவற்காரனாக நிறுத்தி, மற்றக் கணினிகளுக்கெல்லாம் அதன் வழியாக அனுமதி வழங்குவது மற்றொரு முறை. இவ்வனுமதி 180 நாட்கள் செல்லும். அதற்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நம் விடுதிகளில் கைமாறும் “கிராக்”குகளில் பல, இந்தக் காவற்காரனைப்போல வேடம் போட்டு நம் கணினியை ஏமாற்றுகின்றவையே. வேடக்காரன் உள்ளே இருக்கும் வரையில் நாடகம் நடக்கும்.

என் நாடகம் ஆக்கனில் ஒரு கருத்தரங்கில் முடிந்தது. என் முறை வந்தது. கணினியைத் திரையோடு இணைத்தேன். சுவர் அளவுக்கு விரிந்த அத்திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில், விண்டோஸை ஆக்டிவேட் செய்யுமாறு அறிவுறுத்தும் ஆங்கில வாசகம் மங்கலாகத் தெரிந்தது. வைரஸ் தடுப்பான் எப்போதோ வேடக்காரனைப் பிடித்து வெளியேற்றியிருக்கிறது, 180 நாள் கெடுவும் முடிந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேராசிரியர் இரண்டு கேள்வி கேட்டார், நன்று என்றார். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடமும் என் கண் அந்த மூலையை விட்டு அகலவில்லை.

அன்றிரவே உரிமம் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். நாணம் ஒரு காரணம். உண்மையைச் சொன்னால், அதனினும் பெரிய காரணம் அச்சம். ஜெர்மனியில் ஒரு திரைப்படத்தை டொரன்ட் வழியாக இறக்கியவனுக்குச் சில வாரங்களில் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வருவதுண்டு. நூற்றுக்கணக்கான யூரோ கேட்டு வருவதுண்டு. “அப்மானுங்” என்பது அதன் பெயர். அங்கே போகும் நம் மாணவர்கள் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளும் ஜெர்மன் சொற்களில் அதுவும் ஒன்று. விசாவை நம்பி வாழ்கிறவனுக்கு எந்தக் கடிதமும் இடிதான்.

வாங்குவது என்று தீர்மானித்தபின் விலையைப் பார்த்தேன். 145 யூரோ! நம் கணக்கில் பதின்மூன்றாயிரம் ரூபாய்க்கு மேல். மாணவர் விசாவுக்கு மாதம் 992 யூரோ கையிருப்புக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் அங்குள்ள விதி. அதையே மாதச் செலவென்று கொண்டால், ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இந்த ஒரு சாவிக்கே போய்விடும். ஆகவே ஏழையின் வழக்கப்படி மலிவைத் தேடினேன். இணையத்தில் பன்னிரண்டு யூரோவுக்கு “அசல் சாவி” கிடைத்தது. ஐரோப்பாவில் பழைய மென்பொருளை மறுவிற்பனை செய்வது குற்றமன்று. லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஜூலை 3-ஆம் நாள் அப்படித்தான் தீர்ப்பளித்தது. இதைப் படித்ததும் எனக்குத் துணிவு பிறந்தது. தீர்ப்பின் மறுபாதியை நான் படிக்கவில்லை. விற்கிறவன் தன்னிடமுள்ள பிரதியைப் பயன்படாதபடி ஆக்கிவிட்டுத்தான் விற்க வேண்டும் என்பது அந்த மறுபாதி. பன்னிரண்டு யூரோக் கடைக்காரன் அப்படிச் செய்தானா என்பதை யார் கண்டார்? ஒரே சாவியை எத்தனை பேருக்கு விற்றானோ! ஏழாம் வாரம் அச்சாவி தடை செய்யப்பட்டது. கடைக்காரனுக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் கிணற்றில் போட்ட கல்லாயின.

அதன்பிறகே 145 யூரோ. அங்கும் ஓர் இடர்ப்பாடு. இணையக் கடை நாடு பார்த்தே திறக்கிறது. என் இந்திய வங்கி அட்டையை ஏற்கவில்லை. ஜெர்மன் வங்கிக் கணக்கிலிருந்தே செலுத்த நேர்ந்தது. வெளிநாடு செல்லவிருக்கும் நண்பர்களுக்காக, நான் பட்டறிந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணினியோடு சேர்ந்து வரும் உரிமம் அந்தக் கணினியோடு மடியும். தனியாக வாங்கும் சில்லறை உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். சில உரிமங்களுக்கு நாட்டு வரம்பு உண்டு. அத்தகையதை விற்ற வட்டாரத்திலேயே ஆக்டிவேட் செய்தாக வேண்டும். ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. நம் நாட்டு மடிக்கணினிகள் பலவற்றில் வரும் “ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்” என்னும் வகையில், பெயருக்கேற்பத் திரைமொழி ஒன்றே ஒன்றுதான். அதில் தமிழைத் தட்டச்சு செய்யத் தடையில்லை. ஆனால் ஆங்கிலத்தில் வந்த மெனுவைத் தமிழாக்கிப் பார்க்க விரும்பினால் எளிதில் இயலாது. வாங்குமுன் பெயரை முழுதும் படியுங்கள்.

இனி என் சிறுமைக்கு வருகிறேன்.

ஊர் திரும்பி விடுதிக்கு வந்த மூன்றாம் நாள், முதலாண்டு மாணவர் ஒருவர் என் அறைக்கு வந்தார். “அண்ணா, புது லேப்டாப். விண்டோஸ் போட்டுத் தரமுடியுமா? உங்களிடம் கிராக் இருக்கிறதென்று சொன்னார்கள்” என்றார். நான் மேசையின் இழுப்பறையைத் திறந்தேன். பழைய பென் டிரைவ் அங்கேயே கிடந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஆம், கொடுத்துவிட்டேன்! ஆக்கனில் வெட்கிய அதே மனிதன், 145 யூரோ செலுத்திய அதே கை. அவர் நன்றி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியபிறகுதான் எனக்கு உறைத்தது.

நாணயம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயமே. நெஞ்சில் இருக்க வேண்டிய நேர்மையும் நாணயமே. முதல் நாணயம் எல்லையில் மாறும். ரூபாயைக் கொடுத்து யூரோ வாங்குகிறோம். திரும்பும்போது யூரோவைக் கொடுத்து ரூபாய் வாங்குகிறோம். இரண்டாவது நாணயத்தையும் விமான நிலையத்தில் மாற்றிக்கொண்டுதானா வருகிறோம்? அங்கே நாம் காட்டுவது நேர்மை அன்று, அச்சம். அச்சம் நீங்கிய இடத்தில் எது மிஞ்சுகிறதோ அதுவே நம் உண்மையான இருப்பு. கள்ளாமைக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், இன்ன நாட்டில் மட்டும் கள்ளாமை வேண்டும் என்று எல்லை வகுத்தாரா?

“அந்த நிறுவனம் கோடீசுவர நிறுவனம், நாம் எடுப்பதால் அதற்கென்ன குறை?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. வலிமையான வாதம்தான். ஆனால் 1998-இல் பில் கேட்ஸ், சீனாவில் தம் மென்பொருள் காசின்றிப் புழங்குவதைக் குறித்துப் பேசியதை அவர்கள் அறிவார்களா? திருடுவதானால் எங்கள் சரக்கையே திருடட்டும், பழகிப்போவார்கள், பிறகு வசூலிக்கும் வழியைப் பார்த்துக்கொள்வோம் என்னும் கருத்துப்படப் பேசினார் அவர். எண்ணிப் பாருங்கள்! நாம் செல்வனிடமிருந்து பறிப்பதாக எண்ணுகிறோம். செல்வனோ நம்மைப் பழக்கப்படுத்துகிறான். கிராக் நமக்குக் கிடைத்த வெற்றியன்று; நம் முன் தூவப்பட்ட தீனி.

“வசதியில்லாதவன் என்ன செய்வான்?” என்பது அடுத்த கேள்வி. இதை நான் எள்ளி நகையாட மாட்டேன். இங்கேயும் ஓர் உரிமத்தின் விலை நம் ஒரு மாத மெஸ் பில்லை விஞ்சும். தந்தை அனுப்பும் பணத்தில் அதை வாங்கு என்று சொல்ல எனக்கு நாவெழாது. ஆனால் வாங்குவதும் திருடுவதும் ஆகிய இரண்டே வழிகள்தாம் உண்டா? 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர், இருபத்தொரு வயதில், தாம் எழுதத் தொடங்கிய இயங்குதளக் கருவை உலகுக்கு அறிவித்தார். அதுவே லினக்ஸ். அதை இலவசமாக எடுக்கலாம், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம், திருத்தவும் செய்யலாம். யாருக்கும் அஞ்ச வேண்டியதில்லை. நம் சென்னையிலுள்ள சி-டாக் மையத்தில் உருவான “பாஸ்” என்னும் இயங்குதளமும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. நம் வயதொத்த ஒருவர் திறந்து வைத்த வாசல் இருக்க, நாம் ஏன் சுவரேறிக் குதிக்க வேண்டும்?

சில பாடங்களுக்கு விண்டோஸ் இன்றியமையாதது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவ்வாறாயின் முதலில் நம் கணினி மையத்தைக் கேட்போம். மாணவர்க்கென மொத்த ஒப்பந்தம் செய்துள்ள பல்கலைக் கழகங்கள் பல. நம்மில் எத்தனை பேர் அந்தப் படியேறிக் கேட்டிருக்கிறோம்?

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று அறிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இலாப நோக்கில்லாதவருக்குச் சிறையை விலக்க நீதிமன்றத்துக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நான் இதைக் காட்டி அச்சுறுத்த வரவில்லை. அச்சத்தால் வந்த நேர்மை எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு நானே சான்று.

சட்டத்தினும் அருகில் இருப்பது ஆபத்து. 2017 மே மாதத்தில் “வன்னாகிரை” என்னும் நச்சுநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் பறித்தது. அதைத் தடுக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளிவந்துவிட்டது, போட்டுக்கொள்ளாதவர்களே அகப்பட்டனர். கிராக் போட்டவன் அது கெட்டுவிடுமோ என்று அஞ்சிப் புதுப்பிப்பையே நிறுத்தி வைக்கிறான். திருடனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கதவைத் தாழிட்டதாகக் கனவு காண்கிறான். விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்த இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றுவிட்டன. விடுதியிலுள்ள பழைய கணினிகள் பலவற்றிற்கு இனி ஏதேனும் ஒரு புதிய வழி வகுத்தே தீரவேண்டும். அந்த வழி நேர்வழியாக இருக்கட்டுமே!

இறுதியாக ஒன்று. நம் தமிழ்ச் சங்க அறையிலுள்ள கணினியை நீங்கள் அறிவீர்கள். இவ்விதழின் பக்கங்கள் அதில்தான் உருவாகின்றன. அதுவும் வேடக்காரன் தயவில்தான் ஓடுகிறது. இரண்டாமாண்டில் அதற்கு விண்டோஸ் போட்டவன் வேறு யாருமல்லன், நான்தான். பொங்கல் விழாவில் தமிழர் அறத்தைப் பற்றி முழங்கும் நம் சங்கம், அந்த முழக்கத்தைத் திருட்டுப் பிரதியில் தட்டச்சு செய்து அச்சுக்கு அனுப்புகிறது. இதைச் சொன்னால் ஆசிரியர் குழுவினர் கட்டுரையை வெளியிடுவார்களா என்று ஐயுற்றேன். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவர்கள் என்னைவிட நேர்மையாளர்கள் என்பது தெளிவு.

ஆகவே அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். சங்கக் கணினிக்குச் சந்தாப் பணத்திலிருந்து உரிமம் வாங்க வேண்டும். அல்லது அதில் லினக்ஸ் ஏற்ற வேண்டும். இரண்டில் எதுவாயினும் எனக்கு உடன்பாடே. லினக்ஸ் என்றால், தமிழ்99 விசைப்பலகையும் தமிழில் மெனு காட்டும் லிபர் ஆபீசும் அதில் உண்டு. அமைத்துத் தரும் வேலை என்னுடையது. என்னிடம் பென் டிரைவ் வாங்கிச் சென்ற அந்தத் தம்பியை நேற்றுத் தேடிப் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். சற்றுநேரம் என்னை விழித்துப் பார்த்துவிட்டு, “அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் அண்ணா, லினக்ஸ் போட்டுப் பார்ப்போம்” என்றார்.

பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்தார். அதிலிருந்ததை அழித்துவிட்டேன். ஞாயிறன்று அதே பென் டிரைவில்தான் லினக்ஸைக் கொண்டு போகிறேன்.