கற்றவர் கைகள்

பகுத்தறிவின்மை என்றதும் பேயோட்டுவோரையும் சகுனம் பார்ப்போரையும் சுட்டிக்காட்டுவது எம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. அது பாமரரின் நோய், கல்வியால் தீரும் என்று ஆசிரியர்களாகிய நாமும் ஐயமின்றிக் கூறிவருகிறோம். இக்கூற்றை நான் ஒப்புவதற்கில்லை. கல்லாதவனின் மூடநம்பிக்கையிலும் கற்றவனின் பிடிவாதம் பொல்லாதது; அதற்கு நியாயம் கற்பிக்க அவனுடைய படிப்பே துணைநிற்கும்.

வியன்னாப் பொது வைத்தியசாலையில் முன்னாளில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்தியரும் வைத்திய மாணவரும், மற்றதில் மருத்துவிச்சிகளும் பணிபுரிந்தனர். முதல் விடுதியிலே பிரசவக் காய்ச்சலுக்குப் பலியான தாய்மார் மிகப் பலர். தம்மை அங்கே சேர்க்க வேண்டாமெனப் பெண்கள் அழுது மன்றாடினர். பேராசிரியர்களோ காற்றிலுள்ள நச்சே காரணமென்றனர். இரு விடுதியாரும் சுவாசித்தது ஒரே காற்றைத்தானே!

1847 இல் செமல்வைஸ் என்னும் இளம் வைத்தியரின் நண்பர் கொலெச்கா, பிரேத பரிசோதனையின்போது மாணவனொருவனின் கத்தி விரலிற் பட்டதனால், அக்காய்ச்சலை ஒத்த நோய்கண்டு மாண்டார். செமல்வைசுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பிரேதத்தை அறுத்த கைகளே பிரசவமும் பார்த்தன; மருத்துவிச்சிகளோ பிரேத பரிசோதனை செய்வதில்லை. வெளிற்றுந்தூள் கரைத்த நீரிற் கை கழுவுமாறு அவர் பணித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாயிருந்த மரணம் யூனில் இரண்டாயிற்று.

எனினும் வைத்தியப் பெரியார் பலர் இதனை ஏற்றிலர். கிருமிகளைப் பற்றிய தெளிவு அன்று இல்லை என்பது மெய்தான். ஆனால் அதுமட்டுமே காரணமென்று நான் எண்ணவில்லை. ஏற்பதாயின், 'இத்தனை தாய்மாரைக் கொன்றது என் கையே' என்று ஒப்பவேண்டும். அவ்வாறு சொல்ல எத்தனை பேருக்குத் துணிவுண்டு?

எனக்கில்லை. பல்லாண்டுகளுக்கு முன் கேத்திரகணித விடையொன்றை நான் பிழையென்று வெட்டிவிட, மாணவன் வகுப்பின் முன்னே எழுந்து, "சேர், நீங்கள் வெட்டினதுதான் பிழை" என்றான். பார்த்த மாத்திரத்தில் அவன் சரியென்று கண்டேன். கண்டும், "புத்தகத்திலுள்ள வழியில் நீ செய்யவில்லை" என்றேன். அவன் பேசாமல் உட்கார்ந்தான்.

செமல்வைஸ் நெடுங்காலம் எழுதாதிருந்து 1861 இலேயே நூலை வெளியிட்டார். பின்னர் மறுத்தோரைக் கொலைகாரரென்று பகிரங்கக் கடிதங்களில் ஏசினார். 1865 இல் மனநோயாளர் விடுதியொன்றில், 47 ஆவது வயதில் இறந்தார். ஏச்சினால் மறுத்தோர் மனம் மாறியதாகத் தெரியவில்லை. பிழைவிட்டவன் மானம் கெடாமல் மீண்டுவர வழிவிட்டே பிழையை உணர்த்தவேண்டும் என்பது என் கட்சி. ஆனால் இதை நான் எளிதாகச் சொல்லிவிடலாம். என் கண்முன்னே தாய்மார் இறந்துகொண்டிருக்கவில்லை. அவர் கோபத்தைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை.

சென்ற தவணையிலே, கரும்பலகையில் நான் வரைந்த உருவைப் பார்த்து, கடைசி வாங்கிலிருந்த சிறுமி, "சேர், அந்தக் கோடு அங்கேதானோ வரும்?" என்று கேட்டாள். நான் அழித்துத் திருத்தினேன். அந்தப் பழைய மாணவனிடம் சொல்லவேண்டியது மாத்திரம் இன்னும் சொல்லப்படாமலே கிடக்கிறது.