பேய்ப்படங்களும் நம் அலமாரியும்

ஒரு கலைப்படைப்பைப் பேணிவைப்பதும் ரசனையின் பகுதிதான். இதற்கு இத்தாலியப் பேய்ப்படங்களைவிட நல்ல சான்று வேறில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மரியோ பாவா, டாரியோ அர்ஜெண்ட்டோ, லூசியோ ஃபுல்சி ஆகியோரின் படங்களை அவை வெளிவந்த காலத்தில் விமர்சகர் பலர் மலினமான கேளிக்கை என்று ஒதுக்கினர். நாட்டுக்கு நாடு அவை வெட்டப்பட்டன, தலைப்புகளும் மாற்றப்பட்டன. அவற்றை மீட்டதில் பெரும்பங்கு தகடு சேர்ப்பவர்களுக்கே உரியது. வாங்குவதற்குச் சில ஆயிரம் பேர் உறுதியாக இருந்ததால்தான் சிறு நிறுவனங்கள் மூல நெகடிவைத் தேடிச் சென்றன. அர்ஜெண்ட்டோவின் 'சஸ்பீரியா' (1977), அதன் ஒளிப்பதிவாளர் லூசியானோ தோவோலியின் மேற்பார்வையில் நிறம் சீர்செய்யப்பட்டு, 2017இல் 4கே தரத்தில் மீண்டு வந்தது. பாவாவைப் பற்றி டிம் லூகாஸ் எழுதிய, ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் நூலும் (2007) இதே ரசிகர் உலகின் விளைச்சல்தான்.

நம் பக்கம் திரும்புவோம். வீணை எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' (1954), 'பொம்மை' (1964) ஆகியவற்றுக்குப் பிறகு, தாமே இயக்கி, இசையமைத்து, நடித்த 'நடு இரவில்' (1970) படத்தை அளித்தார். ஒரு தனித்த மாளிகையையும் தொடர்கொலைகளையும் கொண்டு தமிழில் அச்சத்தை இத்தனை நேர்த்தியாகக் கையாண்ட படங்கள் குறைவு. இன்று நம்மில் பெரும்பாலோர் அதைக் காண்பது இணையத்தில் உள்ள மங்கிய பிரதியில்தான்.

தொழில்நுட்பம் இல்லை என்று காரணம் சொல்ல முடியாது. அரவிந்தனின் மலையாளப் படமான 'தம்பு' (1978) புதுப்பிக்கப்பட்டு 2022இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. அந்தப் பணியில் சென்னையின் பிரசாத் கூடத்துக்கும் பங்குண்டு. ஆர்வம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 'கர்ணன்' 2012இலும் 'ஆயிரத்தில் ஒருவன்' 2014இலும் புதுப்பொலிவுடன் திரையரங்குகளுக்குத் திரும்பின. ஆனால் நம் மீட்பு நட்சத்திரத்தின் பின்னால்தான் செல்கிறது. நாயக வழிபாட்டுக்கு இடமற்ற படத்துக்காகக் கைக்காசைச் செலவிடும் வாசகக் கூட்டம் இங்கே உருவாகவில்லை.

இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்பார்கள். உரிமம் முடிந்ததும் படம் அங்கிருந்து மறைந்துவிடும். சித்தேரி போன்ற மலையூர்களில் இருப்பவனுக்கு அலைவரிசையை நம்புவதைவிட அலமாரியில் உள்ள தகட்டை நம்புவதே எளிது. அதிலும் தொல்லை உண்டு: அமெரிக்க ப்ளூ-ரே பெரும்பாலும் 'ஏ' மண்டலத்துக்கானது, இந்தியாவோ 'சி' மண்டலம். வாங்குமுன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சிறுபத்திரிகைகளைச் சந்தா கட்டிக் காப்பாற்றிய மரபு நம்முடையது. முந்நூறு பேர் படிக்கும் இதழுக்காகக் கைப்பணம் இழந்தவர்களை நாம் அறிவோம். அந்தப் பிடிவாதத்தில் சிறு பங்கேனும் திரைப்படத்துக்கு வாய்த்திருந்தால், பாலசந்தரின் இருளை அதற்குரிய கருமையோடு நாம் கண்டிருப்போம். செல்லுலாய்டு காத்திருக்காது. அசிடேட் சுருள் காடி நாற்றம் வீசத் தொடங்கிவிட்டால் அந்தச் சிதைவைத் திருப்ப இயலாது; தாமதப்படுத்த மட்டுமே முடியும்.