தெருவில் கிடந்த பாஸ்போர்ட்

2015-ஆம் வருஷம் நவம்பர் 13-ந் தேதி வெள்ளிக்கிழமை இரவு பாரிஸ் நகரத்தில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். நானூறு பேருக்கு மேல் காயமடைந்தார்கள். பட்டாக்ளான் என்ற அரங்கத்தில் பாட்டுக் கச்சேரி கேட்கப் போனவர்களில் மட்டும் 90 பேர் திரும்பி வரவில்லை. மற்றவர்களில் பெரும்பாலோர் ஹோட்டல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வார முடிவைக் கொண்டாடிப் பேசிக்கொண்டிருந்தவர்கள். இவர்களில் ஒருவராவது கொலைகாரனுக்கு ஒரு தீங்கும் செய்தவர் அல்ல. அவனை முன்பின் பார்த்தவர்கூட அல்ல.

இப்படி ஒன்று நடந்தால் ஜனங்களுக்குக் கோபம் வரும். வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அந்தக் கோபத்தை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் கோபத்துக்கு ஒரு குணம் உண்டு. அதற்கு உடனே ஒரு விலாசம் வேண்டும். செத்துப்போன கொலைகாரன் மேல் கோபப்பட்டு என்ன பயன்? அவன்தான் இடுப்பில் கட்டிய வெடிகுண்டோடு போய்விட்டானே! உயிரோடு இருக்கிற, கைக்கு எட்டுகிற, திருப்பி அடிக்கத் திராணியில்லாத யாராவது வேண்டும்.

பாரிஸில் அந்த விலாசம் மறுநாளே கிடைத்துவிட்டது. கால்பந்துப் பந்தயம் நடந்த மைதானத்துக்கு வெளியே மூன்று பேர் குண்டு வெடித்துச் செத்தார்கள் அல்லவா? அவர்களில் ஒருவன் பக்கத்தில் சிரியா தேசத்துப் பாஸ்போர்ட் ஒன்று கிடந்தது. அதைக் கொண்டுவந்தவன் அக்டோபர் 3-ந் தேதி லெரோஸ் தீவில் அகதியாகப் பதிந்துகொண்டவன் என்று கிரேக்க சர்க்கார் சொன்னது.

அவ்வளவுதான். 130 பிரேதங்களைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போய், ஒரு சின்னப் புத்தகத்தைப் பற்றிய பேச்சு முன்னுக்கு வந்துவிட்டது. போலந்தில் பதவி ஏற்கக் காத்திருந்த சர்க்காரின் ஐரோப்பிய விவகார மந்திரி, அகதிகளைப் பங்கிட்டு ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை இனி நிறைவேற்ற முடியாது என்று மறுநாளே எழுதிவிட்டார். அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க கவர்னர்கள் தங்கள் மாகாணத்துக்குள் சிரியா அகதி வேண்டாம் என்றார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட அநாதைக் குழந்தையாக இருந்தாலும் கூடாது என்றார் நியூஜெர்ஸி கவர்னர். நவம்பர் 19-ந் தேதி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, சோதனையை இன்னும் இறுக்குவதற்கான மசோதாவை 289-க்கு 137 என்ற கணக்கில் நிறைவேற்றியது. ஏற்கனவே ஒரு சிரியா அகதி அந்த நாட்டில் கால் வைப்பதற்குள் ஒன்றரை வருஷமோ இரண்டு வருஷமோ விசாரணையில் கழிந்துகொண்டிருந்தது. மேல் சபையில் மசோதா தேறவில்லை என்பது வேறு விஷயம்.

ஐந்து வயதுக் குழந்தை என்றதும் இன்னொன்று ஞாபகத்துக்கு வருகிறது. அதே வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி துருக்கிக் கடற்கரையில் ஒரு சின்னஞ்சிறு சிரியாக் குழந்தை மணலில் முகம் புதைந்து கிடந்த படத்தை உலகமெல்லாம் பார்த்தது, பார்த்து அழுதது. பத்தே வாரம். கண்ணீர் காய்வதற்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

பொய்ப் பாஸ்போர்ட்டுக்கு வருவோம். அதே 2015-ஆம் வருஷம் மே மாதம், அதே பிரான்ஸ் தேசத்தில், கான் பட விழாவில் தங்கப் பனை விருது ஒரு படத்துக்குக் கொடுக்கப்பட்டது. படத்தின் பெயர் ‘தீபன்’. நம்முடைய பெயர்தான். இலங்கை யுத்தத்திலிருந்து தப்பும் ஒரு தமிழனும், அவனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண்ணும், ஒரு சிறுமியும், இறந்துபோன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டுகளை வைத்துக்கொண்டு புருஷன், பெண்சாதி, மகள் என்று பிரான்சுக்குள் நுழைகிறார்கள். கதாநாயகனாக நடித்த ஷோபாசக்தி, சிறு வயதில் புலிகள் இயக்கத்தில் இருந்து வெளியேறி, பின்னால் பிரான்சில் அகதியாகக் குடியேறிய எழுத்தாளர். அந்தப் படத்துக்குத் தேசத்தின் மிகப் பெரிய கௌரவம் கிடைத்தது. ஆயுதம் ஏந்தியவன், செத்தவன் பாஸ்போர்ட்டோடு வருகிறான். அது மே மாதத்தில் கலை. ஆறு மாதம் கழித்து அதுவே நாட்டுக்குப் பேராபத்து.

ஹோட்டல்களில் துப்பாக்கிச் சூடு நடந்த பத்தாம் வட்டாரத்தின் வடகோடியில்தான், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், லா ஷாப்பல் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. அங்கே கத்தரிக்காயும் முருங்கைக்காயும் விற்கிறவர்களில் பலர் 1980-களிலிருந்து அகதிகளாக வந்து சேர்ந்தவர்கள். வந்தபோது எத்தனை பேர் கையில் சுத்தமான காகிதம் இருந்தது என்று கேட்டால், அவர்களே சிரிப்பார்கள். தன்னைக் கொல்லத் தேடுகிற சர்க்காரிடம் போய் வரிசையில் நின்று பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு எவன் ஓடிவருகிறான்? சிரியா அகதிகளை வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்று சென்னையில் காப்பி ஆற்றிக்கொண்டே சொல்கிற நம்முடைய நண்பர்கள், லா ஷாப்பலில் இருக்கும் மாமன் மைத்துனனை அந்த வாசலில் நிறுத்திப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

“உணர்ச்சி வசப்பட்டுப் பேசுகிறீர், ஐயா! அந்தப் பாஸ்போர்ட்காரன் அகதிகள் வழியாக வந்தது உண்மையா, இல்லையா?” என்று கேட்பீர்கள். உண்மைதான். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மைதானத்துக்கு வெளியே செத்தவர்களில் இரண்டு பேர் அந்தத் தீவு வழியாக வந்தவர்களே. அவர்கள் சிரியாக்காரர்கள் அல்ல, இராக்கியர்கள், பாஸ்போர்ட்டுகள் பொய். அது மட்டுமல்ல, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த வேறு சிலரும் அகதிகளோடு அகதிகளாகக் கலந்துதான் ஐரோப்பாவுக்குத் திரும்பினார்கள். திரும்பினார்கள் என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த வேறு சிலர் யார்? பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பிறந்து வளர்ந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், அங்கிருந்து சிரியாவுக்குப் போனவர்கள். அவர்களுக்கு ஐரோப்பாவுக்குள் வர அசல் பாஸ்போர்ட் உண்டு, பிறப்புரிமை உண்டு. தங்கள் சொந்தப் பெயர் போலீஸ் பட்டியலில் இருந்தபடியால் சிரியாக்காரன் பெயரை இரவல் வாங்கிக்கொண்டார்கள்.

பட்டாக்ளானில் சுட்ட மூவரும் பிரான்சில் பிறந்த பிரெஞ்சுப் பிரஜைகள். ஒருவன் பாரிஸ் நகர பஸ் டிரைவராக இருந்தவன். வெளிநாட்டுக்குப் போய்ப் பயங்கரவாதக் கூட்டத்தில் சேரப் பார்த்தான் என்று 2012-லேயே அவன் மேல் வழக்குப் பதிவாகி, நீதிமன்றக் கண்காணிப்பில் இருந்தான். அடுத்த வருஷம் சிரியாவுக்குப் போய்விட்டான். இன்னொருவன் பெயர் 2010 முதல் உளவுப் பிரிவின் ஏட்டில் இருந்தது. கூட்டத்துக்குத் தலைமை வகித்த அப்துல்ஹமீது அபாவூத் பெல்ஜியப் பிரஜை. சிரியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் தான் போய் வந்ததைப் பற்றி அந்த வருஷத் தொடக்கத்திலேயே தன் இயக்கத்தின் பத்திரிகையில் பெருமை அடித்துக்கொண்டவன். பெல்ஜிய நீதிமன்றம் ஆள் இல்லாமலே அவனுக்கு 20 வருஷம் தண்டனையும் விதித்திருந்தது. தப்பி ஓடிய சலா அப்தெஸ்லாமை, கொலை நடந்த மறுநாள் காலை, காம்ப்ரே அருகே போலீசார் வழிமறித்தார்கள், காகிதத்தைப் பார்த்தார்கள், போகவிட்டார்கள். அவன் அகப்பட நான்கு மாதம் ஆயிற்று. எங்கே அகப்பட்டான்? அவன் குடும்பம் வசித்த அதே மோலன்பெக் பேட்டையில். அதற்கு நான்காம் நாள், 2016 மார்ச் 22-ந் தேதி, மிச்சமிருந்த கூட்டம் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்திலும் நிலத்தடி ரயிலிலும் 32 பேரைக் கொன்றது.

ஒரு தேசத்தின் போலீஸ் இன்னொரு தேசத்தின் போலீசுக்குச் சேதி சொல்லவில்லை. ஒரு இலாகாவின் ஏடு இன்னொரு இலாகாவின் மேஜைக்குப் போகவில்லை. 2016 ஜூலையில் பிரெஞ்சுப் பாராளுமன்ற விசாரணைக் குழுவே உளவுத் துறையின் தோல்வியை ஒப்புக்கொண்டு, சிதறிக் கிடக்கும் இலாகாக்களை ஒன்றாக்கச் சொன்னது. ஆனால் குமாஸ்தாவின் மேஜையைத் திருத்த வேண்டும் என்று எந்தத் தேர்தல் மேடையில் கைதட்டல் கிடைக்கும்? வாசலைப் பூட்டு என்றால்தான் கிடைக்கும்.

அந்தப் பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. லெரோஸ் தீவில் ஒரு மேஜை போட்டு, வந்தவனை உட்கார வைத்து, அவன் கைரேகையை எடுத்தார்கள் அல்லவா? அந்தக் கைரேகையைக் கொண்டுதான், பிரேதமாகக் கிடந்தவன் எந்த நாளில் எந்த இடத்தில் நுழைந்தான் என்று பாரிஸ் போலீஸ் கண்டுபிடித்தது. அகதிக்குக் கதவைத் திறந்து வைத்து, பெயரைக் கேட்டு, ரேகையை எடுத்து உள்ளே விடுகிறவன் காவல் காக்கிறான். கதவைச் சாத்துகிறவனோ அத்தனை பேரையும் கள்ளத்தோணிக்காரனிடம் அனுப்புகிறான். கள்ளத்தோணிக்காரன் கைரேகை எடுப்பதில்லை. பணம் மட்டுமே எடுப்பான்.

பிரெஞ்சு ஜனாதிபதி ஹாலந்து, கொலை நடந்த ஐந்தாம் நாள், அடுத்த இரண்டு வருஷத்தில் 30,000 அகதிகளை ஏற்பதாகக் கொடுத்த வாக்கில் மாற்றம் இல்லை என்று மேயர்கள் மாநாட்டில் சொன்னார். அடிபட்ட நாடு வாசலைத் திறந்து வைத்திருந்தது. அடிபடாத நாடுகள் பூட்டிக்கொண்டன. அந்த மட்டில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அதே ஹாலந்து, வேறு இரண்டு காரியங்களில் ஜனங்களின் கோபத்துக்குப் பலகாரம் செய்து கொடுத்தார்.

ஒன்று, அவசர நிலை. கோர்ட்டு உத்தரவு இல்லாமல் வீடு புகுந்து சோதனை போடவும், ஆளை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்கவும் போலீசுக்கு அதிகாரம். சில மாதங்களுக்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் சோதனை நடந்தது. பாதி ராத்திரியில் கதவு உடைந்தது, குழந்தைகள் அலறின. பயங்கரவாத வழக்கு என்று தேறியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். பருவநிலை மாநாட்டை எதிர்த்து ஊர்வலம் போவார்கள் என்று சுற்றுச்சூழல் தொண்டர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக்கூட வீட்டுக் காவலில் வைத்தார்கள்! மரம் வளர்க்கச் சொல்கிறவனுக்கும் குண்டு கட்டிக்கொண்டவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அப்போது யாருக்கும் பொறுமை இல்லை. அந்த அவசர நிலை அமலில் இருக்கும்போதேதான் 2016 ஜூலை 14-ந் தேதி நீஸ் நகரக் கடற்கரைச் சாலையில் ஒருவன் லாரியை ஏற்றி 86 பேரைக் கொன்றான். அவன் துனீசியாவிலிருந்து வந்து, முறைப்படி அனுமதி வாங்கிப் பல வருஷமாக அங்கே குடியிருந்தவன். அன்று பகலில்தான் ஹாலந்து, அவசர நிலையை அந்த மாதத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். நீட்டினார்கள், மேலும் நீட்டினார்கள். 2017 நவம்பர் 1-ந் தேதி அது முடிந்தபோது, அதன் அதிகாரங்களில் பல சாதாரணச் சட்டத்துக்குள் குடியேறிவிட்டிருந்தன. இந்தக் குடியேற்றத்தை யாரும் எல்லையில் நிறுத்திச் சோதிக்கவில்லை.

இரண்டாவது காரியம் இன்னும் விநோதமானது. பயங்கரவாதக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன் இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவனாக இருந்தால், அவன் பிரான்சிலேயே பிறந்திருந்தாலும் பிரெஞ்சுப் பிரஜாவுரிமையைப் பறிக்கலாம் என்று அரசியல் சாசனத்தைத் திருத்தப் போனார்கள். மிகப் பெரும்பான்மையான ஜனங்கள் அதை ஆதரித்தார்கள். சற்று யோசித்துப் பாருங்கள்: தன் உயிரையே இடுப்பில் வெடியாகக் கட்டிக்கொண்டு போகிறவன், “ஐயையோ, பாஸ்போர்ட் போய்விடுமே!” என்று பாதி வழியில் திரும்பி வருவானா? அவனைத் தடுக்க அது உதவாது என்பது சட்டம் எழுதினவர்களுக்கும் தெரியும். அது யாரைத் தொடும்? அல்ஜீரியாவிலிருந்தோ மொராக்கோவிலிருந்தோ பாட்டன் காலத்தில் வந்த குடும்பத்தில் பிறந்து, தபாலாபீசில் வேலை பார்த்து, வரி கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கானவர்களைத் தொடும். “உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் முழுப் பிரஜை, நீங்கள் நன்னடத்தைப் பிரஜை” என்று சாசனத்திலேயே எழுதி வைப்பதற்கு வேறு என்ன அர்த்தம்? நீதி மந்திரியாக இருந்த கிறிஸ்தியான் தொபிரா என்ற அம்மாள், 2016 ஜனவரி 27-ந் தேதி, இதை ஏற்க முடியாது என்று பதவியை விட்டுப் போனார். சபைக்குச் சபை இழுபட்ட பிறகு மார்ச் 30-ந் தேதி ஹாலந்து அந்தத் திருத்தத்தைக் கைவிட்டார்.

சந்தேகம் முதலில் யார் மேல் விழுகிறது என்பதற்கு அதே 2015-ஆம் வருஷம் ஜனவரியிலேயே பாரிஸ் ஓர் உதாரணம் காட்டியிருந்தது. அந்த மாதம் 9-ந் தேதி, யூதர்களின் பலசரக்குக் கடை ஒன்றில் ஒரு பயங்கரவாதி துப்பாக்கியோடு புகுந்து நான்கு பேரைக் கொன்றான். அவன் பிரான்சில் பிறந்த பிரஜை. அதே கடையில் வேலை செய்த லசானா பத்திலி என்ற வாலிபரோ ஆப்பிரிக்காவின் மாலி தேசத்திலிருந்து 16 வயதில் வந்து, பல காலம் காகிதம் இல்லாமல் திரிந்து, பிறகு தங்கும் அனுமதி பெற்றவர், முஸ்லிம். அவர் வாடிக்கைக்காரர்களை அடித்தளத்துக் குளிர்பதன அறைக்குள் கொண்டுபோய் ஒளித்து, குளிர்சாதனத்தை நிறுத்தி, விளக்கை அணைத்து, கதவைச் சாத்தினார். பிறகு தாமே சாமான் தூக்கி வழியாக வெளியே தப்பி வந்தார். வந்தவரை போலீஸ் தரையில் படுக்க வைத்து, கொலைகாரனுக்குக் கூட்டாளி என்று கைவிலங்கு மாட்டிற்று. சுமார் ஒன்றரை மணி நேரம் விலங்கோடு இருந்தார். கடையில் வேலை பார்த்த இன்னொருவர் அடையாளம் சொன்ன பிறகு அவிழ்த்துவிட்டார்கள்; அதன் பிறகு கடையின் அமைப்பைப் படம் போட்டுக் காட்டி, சாவியையும் கொடுத்தார். ஜனவரி 20-ந் தேதி பிரதம மந்திரியும் உள்நாட்டு மந்திரியும் நேரில் வந்து நிற்க, பிரெஞ்சுப் பிரஜாவுரிமை வழங்கினார்கள். அதற்கான மனுவை அவர் முந்தின வருஷம் ஜூலை மாதமே கொடுத்திருந்தார்.