எதிர்த்திசைப் பேருந்தில் யார்?

காலை எட்டு மணிக்குச் சின்னசேலத்திலிருந்து ஆத்தூர், சேலம் பக்கம் போகும் பேருந்தில் கால் ஊன்ற இடம் கிடைக்காது. கல்லூரிப் பிள்ளைகள், ஜவுளிக்கடையில் நிற்கப் போகும் பெண்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவர்கள். அதே நேரம் ஆத்தூரிலிருந்து சின்னசேலம் வரும் பேருந்தில் ஜன்னல் சீட்டே கிடைக்கும். அதில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆசிரியர்கள், நர்சுகள், பேங்க் ஊழியர்கள், தாலுகா ஆபீஸ் கிளார்க்குகள். ஊர் இவர்களுக்கு ஒரு பட்டம் வைத்திருக்கிறது: ‘சம்பளம் இங்க, சாப்பாடு அங்க.’

என் மனைவி அந்த ஜன்னல் சீட்டுக்காரர்களில் ஒருவர். ஆத்தூரில் ஏறி, சின்னசேலத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, கல்வராயன் மலையடிவாரத்தில் ஓர் அரசுப் பள்ளிக்குப் போகிறார். நான் வீட்டிலிருந்தே கோட் எழுதுகிறவன். எனக்கு எந்த ஊரும் ஒன்றுதான். ஆகவே எங்கே குடியிருப்பது என்பதை அவருடைய பயணத்தை வைத்தே முடிவு செய்தோம்.

நகரத்து நண்பர்கள் சொல்லும் யோசனை எளிது. “சேலத்துலயே இருங்கப்பா, எதிர்த்திசைதானே, பஸ் காலியா இருக்கும்.” காலி சீட்டை வைத்து ஒரு பயணத்தை அளப்பவர்களுக்கு என் தொழிலில் இருந்து ஒன்று சொல்கிறேன். ஒரு சர்வர் சராசரியாக எவ்வளவு வேகம் என்று கேட்டு நாங்கள் திருப்தி அடைவதில்லை. நூற்றில் மோசமான ஐந்து முறை என்ன ஆகிறது என்றுதான் பார்ப்போம். பயணத்துக்கும் அதே கணக்குதான். மழை நாளில், கடைசி பீரியட் நீண்ட நாளில், கண்டக்டர் “ஊருக்குள்ள போகாது, பைபாஸ்லயே இறங்கிக்கோங்க” என்று சொல்லும் இருட்டில் என்ன ஆகிறது? சேலம்–உளுந்தூர்பேட்டை நான்கு வழிச்சாலையைப் போட்டபோது, ஊர்களைச் சுற்றும் பைபாஸ்களை மட்டும் இரண்டு வழியாகச் சுருக்கிவிட்டார்கள். அங்கே நடந்த விபத்துகள் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த பைபாஸ் ஓரத்தில் தனியாக நிற்கும் பெண்ணிடம் போய் காலி சீட்டைப் பற்றிப் பேசுங்கள்.

ரயில்? சேலம்–விருத்தாசலம் பாதையில் சின்னசேலத்துக்கு ஸ்டேஷன் இருக்கிறது. ஓடும் சில பாசஞ்சர்களின் நேரம் பள்ளிக்கூட மணியோடு பொருந்தாது. சின்னசேலம்–கள்ளக்குறிச்சி புதுப் பாதைக்கு 2006–07இல் ஒப்புதல் கிடைத்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதன் தலைநகருக்கு ரயிலே கிடையாது. பதினாறு சொச்சம் கிலோமீட்டருக்கு இந்தக் கதை.

‘அப்ப சின்னசேலத்துலயே வீடு பாத்திருக்கலாமே’ என்பது அடுத்த கேள்வி. பார்த்தோம். ஆறு வாரம் பார்த்தோம். வாடகை, அட்வான்ஸ், தண்ணி எதுவும் சிக்கலாகவில்லை. எல்லாம் பேசி முடித்தபிறகு, செருப்பை மாட்டும் நேரத்தில், மிக மரியாதையாக ஒரு கேள்வி வரும்: “தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி, நீங்க என்ன ஆளுங்க?” பதில் சொல்ல மறுத்தோம். மறுப்பதே பதில் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நாள் போன் செய்தால் வீடு ‘ஏற்கெனவே பேசியாச்சு’. ஆத்தூர் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. அங்கே வீடுகள் அதிகம், ஆகவே கேட்காத ஒருவர் கிடைத்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

எதிர்த்திசைப் பயணம் என்ற சொல் நமக்கு ஏதோ புத்திசாலித்தனமான ஏற்பாடு போலக் கேட்கிறது. அமெரிக்காவில் அதன் வரலாறு வேறு. நகரத்தின் கறுப்பினக் குடியிருப்புகளிலிருந்து வெள்ளையர் புறநகர்களுக்குச் சமைக்கவும் பிள்ளை வளர்க்கவும் பஸ்ஸில் போன பெண்கள், அந்தப் புறநகரில் வேலை செய்யலாம், வீடு எடுக்க முடியாது. 1955இல் மான்ட்கோமரியில் பஸ்களைப் புறக்கணித்து நடந்தவர்களில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். 1968இல் ஜான் கெய்ன் என்ற பொருளாதார அறிஞர் வீட்டுச் சந்தையின் பாகுபாடே கறுப்பினத்தவரை வேலையிலிருந்து தூரத்தில் வைக்கிறது என்று எழுதினார். 1998இல் அமெரிக்க அரசு எதிர்த்திசைப் பயணத்துக்கும் சேர்த்து ஒரு நிதித்திட்டம் கொண்டுவந்தது. அதாவது, வீட்டைத் திறக்க முடியாத அரசு பஸ்ஸை விட்டது.

நம் கதை இன்னும் சுவாரசியமானது. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980இல் தமிழக அரசு ஒழித்தது. நல்ல காரியம். ஆனால் பழைய கர்ணத்துக்கு ஊரில் சொந்த வீடு இருந்தது. அவர் அந்த ஊரின் ஆள். பின்னால் வந்த கிராம நிர்வாக அலுவலர் யாராகவும் இருக்கலாம், எந்தச் சாதியாகவும் இருக்கலாம். அவர் தன் கிராமத்திலேயே தங்க வேண்டும் என்பது விதி. அவருக்கு வீடு கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் விதி இல்லை. பதவியைப் பொதுவாக்கிய அரசு தெருவைப் பொதுவாக்கவில்லை. பிறகு, ‘இவங்க ஊர்ல தங்கறதே இல்ல’ என்று மனு கொடுப்பவர் யார்? பல நேரம், வாடகைக்கு விட மறுத்த அதே ஆள்.

இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். முதல் பஸ் தவறினால் மலையில் முதல் பீரியட் போச்சு. கடைசி பஸ்ஸுக்காக மூன்றரை மணிக்கே கண் கடிகாரத்துக்குப் போகும். விலை கொடுப்பது கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். சின்னசேலத்தில் ஒரு வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு வெள்ளிமலைப் பக்கத்தில் ஒரு குழந்தை கணக்குப் பாடத்தை இழக்கிறது. 2024 கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலையும் பஸ்ஸும் அதில் பேசப்பட்டன. மலைக்கு வேலைக்கு வருபவர் எங்கே படுப்பார் என்பதையும் யாராவது பேச வேண்டும்.

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. போலீஸ்காரருக்கு வீடு கட்ட 1981இலேயே அரசு ஒரு கழகம் தொடங்கியது. பல ஊர்களில் காவலர் குடியிருப்பு இருக்கிறது. போலீஸ்காரர் ஸ்டேஷன் பக்கத்தில் தூங்க வேண்டும் என்று புரிந்த அரசுக்கு, நர்சும் டீச்சரும் அப்படித்தான் என்று புரியாதா? வீடும் சாதியும் ஒன்று என்று தெரிந்துதான் 1997இல் சமத்துவபுரம் அறிவித்தார்கள்: நூறு வீடு, எல்லாச் சாதிக்கும் பங்கு. வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தோழி விடுதிகள் இருக்கின்றன, விழுப்புரம் மாதிரி ஊர்களில். சின்னசேலம் மாதிரி தாலுகா ஊர்தோறும் இருபது வீடு, ஒரு சின்ன விடுதி, யார் வேலைக்கு வந்தாலும் கேள்வி கேட்காமல் சாவி. ஓர் ஊருக்கு இது ஒரு மேம்பாலத்தின் செலவுகூட ஆகாது.

நண்பர்களே, நீங்களும் ஒருநாள் வீடு தேடுவீர்கள். மேப்பைத் திறந்து நிமிடங்களைக் கூட்டிக் கழிப்பீர்கள். கூட்டுங்கள். ஆனால் ஒரு டீச்சர் தினமும் ஏன் ஐம்பது கிலோமீட்டர் போய்வருகிறார் என்று மேப் சொல்லாது. உங்கள் அப்பாவுக்கோ மாமாவுக்கோ அப்படி ஓர் ஊரில் மாடி போர்ஷன் காலியாக இருக்கும். அதற்கு ஆள் வரும்போது அவர் என்ன கேட்கிறார் என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். கேட்கக்கூடாததைக் கேட்டால், அங்கேயே, அந்த ஆள் முன்னாலேயே, தடுங்கள். சின்னசேலத்துக்கு அதைவிட வேகமான பஸ் எதுவும் வரப்போவதில்லை.